மாலை போட்ட முகம்

அருப்புக்கோட்டையில் ஒரு கலைக்கூடம் இருந்தது என்று சொன்னால் இப்போது உள்ளூர்க்காரர்களே நம்புவதில்லை. இருந்தது. எழுபதுகளில் நான் அதில் வேலை பார்த்தேன். பருத்தி ஜின்னிங் மில் நடத்திய ஒரு முதலாளி சாகும்வரை படமும் சிலையுமாக வாங்கி வீட்டை நிரப்பிவிட்டுப் போனார். அவருடைய பிள்ளைகளுக்கு அதில் ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தி, வீட்டையும் அதற்குள் இருந்தவற்றையும் ஒப்படைத்துவிட்டுக் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார்கள்.

பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டி விளக்கம் சொல்வது என் வேலை. பி.ஏ. வரலாறு படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். பெண்கள் நிறைய வருகிறார்கள், ஆம்பளை பின்னால் நடக்கக் கூச்சப்படுகிறார்கள் என்று ஒரு பெண்ணைத் தேடினார்கள், நான் அகப்பட்டேன். நாங்கள் நெசவுக்காரத் தெரு. வீட்டில் கன்னடம், வாசல்படி தாண்டினால் தமிழ். "பொம்மை காட்டுற வேலைக்கு எதுக்கு பட்டம்" என்று அப்பா கன்னடத்தில் கேட்பார். அந்த மொழியில் அது இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குத்தும்.

முதல் வருஷம் எனக்கு எரிச்சலாகவே போயிற்று. திருச்சுழி, பரளச்சி, வீரசோழன், எம்.ரெட்டியபட்டி என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் டவுனுக்கு வருகிறவர்கள் பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் உள்ளே வருவார்கள். எங்களிடம் சீலிங் ஃபேன் இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, அதற்குக் கீழே கொஞ்சம் நின்றபின் கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேறுவார்கள். கிருஷ்ணர் படத்துக்கு ஒரு கும்பிடு, அம்மன் சிலைக்கு ஒரு கும்பிடு. மற்றபடி நான் பாட்டுக்குத் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருப்பேன். நூற்றாண்டு, பாணி, எண்ணெய் வண்ணம். சுவருக்குச் சொன்ன மாதிரிதான்.

ஒருநாள் பொறுமை விட்டுப்போய் ஒரு கூட்டத்தை வழிமறித்தேன். "இன்னைக்கு நீங்க வேற எதையும் பாக்க வேண்டாம். எந்தப் படத்துல என்ன நகை போட்டிருக்காகன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, போதும்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். சந்தைப் படம் ஒன்றில் கிழவியின் காதில் தொங்கிய பாம்படத்தை வைத்து ஒரு சண்டையே நடந்தது. சிலையின் இடுப்பில் இருந்தது ஒட்டியாணமா அரைஞாணா என்று ஒருத்தி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்படித்தான் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு கூடம் முழுவதும் போவது ஆரம்பித்தது. நகைச் சுற்று. மழை இல்லாத வருஷத்தில் தண்ணீர்ச் சுற்று. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுச் சுற்று. மேனேஜர் ஒரு கரும்பலகை வாங்கி, இந்த வாரம் என்ன சுற்று என்று வாசலில் எழுதிவைத்தார். அவர் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். நல்ல கையெழுத்து, கெட்ட எண்ணம் கிடையாது, யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டி வந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய பிரார்த்தனை.

எல்லாச் சுற்றிலும் பேர் வாங்கியது முகச் சுற்று. ஆட்களை வரைந்த படங்களை ஒரே ஹாலில் வரிசையாக மாட்டியிருந்தோம். முதலில் ஜமீன்தார். அடுத்து முதலாளியின் தகப்பனார். பிறகு ஒரு வெள்ளைக்காரத் துரை, தஞ்சாவூர்ப் பக்கத்து நாட்டியக்காரி ஒருத்தி, மதுரை வக்கீல் ஒருவர். கடைசியாகக் கதவோரம் ஒரு கிணறு வெட்டுகிறவர்.

கடைசிப் படத்தை வரைந்தவர் மெட்ராஸ் ஓவியர். அறுபதுகளின் ஆரம்பத்தில் திருச்சுழியில் சில மாதம் தங்கி இந்தப் பக்கத்து ஆட்களை வரைந்திருக்கிறார். முதலாளி அதில் ஒன்றை வாங்கினார். தோண்டிப் போட்ட கல் குவியலின் மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தலையில் துண்டு, மடியில் கடப்பாரை, காதோர முடியில் கல்தூசி. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பப் போகிறவர் மாதிரி முகம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அடியில் இருந்த அட்டையில் 'கிணறு வெட்டுபவர்' என்று மட்டும் இருந்தது. ஜமீன்தாருக்குப் பட்டமும் பரம்பரையும் மூன்று வரி. இவருக்குப் பெயர் கிடையாது.

வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் அதிக நேரம் நின்றார்கள். "இவரு நம்ம ஆளுல்ல" என்பார்கள். "யாரு டீச்சரு இவரு?" என்பார்கள். எனக்கு அந்த ஊர்களில் கடைசிவரை டீச்சர் என்றுதான் பேர். தெரியாது என்பேன். அதுதான் உண்மையும்கூட.

ஆண்டு விழா வந்தது. பெரிய ஆபீஸர் ஒருவர் தலைமை தாங்க வருகிறார் என்று மேனேஜர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தார். விழா என்றால் அவருக்குத் தெரிந்தது ஆபீஸ் விழாதான். அங்கே சுவரில் தலைவர்களின் படம் இருக்கும், மாலை போடுவார்கள், குங்குமம் வைப்பார்கள், ஊதுவத்தி கொளுத்துவார்கள். அதேபோல இங்கேயும் முக ஹாலில் இருந்த எல்லாப் படத்துக்கும் செவ்வந்தி மாலைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். காலையில் நான் வந்து பார்த்தபோது துரை நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, பூவின் ஈரம் சட்டத்துக்குள் இறங்கிப் படம் கெட்டுவிடுமே என்று கோபம் வந்தது. ஆபீஸர் வாசலுக்கு வந்துவிட்டதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவருக்குக் கழுத்தில் எத்தனை மாலை வேண்டுமானாலும் போடலாம். படத்துக்குப் போட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம். வீட்டில் விவரம் தெரியாத குழந்தை அப்பாவின் போட்டோவில் பூவைச் செருகினால் வெடுக்கென்று பிடுங்கி, கையில் ஒன்று வைப்பார்கள். இது யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஆபீஸர் போன பிறகு, சாப்பாட்டு வேளை தாண்டி, பரளச்சியிலிருந்து மாதர் சங்கத்துப் பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பலகையில் முகச் சுற்று என்று எழுதியிருந்தது. ஜமீன்தாரில் ஆரம்பித்தேன். விழாக் களைப்பில் சுருக்கமாகத்தான் பேசினேன். அவர்களும் மாலைகளைப் பார்த்துப் பயபக்தியோடு கும்பிட்டபடி வந்தார்கள். துரையையும் ஒருத்தி கும்பிட்டாள்.

கடைசிப் படத்துக்கு முன் வந்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. படத்தையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றியவர்கள் பார்ப்பதுபோலக் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவுக எப்பச் செத்தாக?" என்றார்.

"யாரு அக்கா?"

"இவுகதேன்."

"இவரு யாருன்னு எங்களுக்குத் தெரியாதுக்கா. படம் வரைஞ்சவரு பேரு எழுதி வைக்கல."

"பேரு எனக்குத் தெரியும். எப்பச் செத்தாகன்னு சொல்லுங்க."

அவர் அந்தப் பேரைச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பதால்தான் அவர் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ கட்டிப்பிடித்தார்கள். யாரோ மாரில் அடித்துக்கொண்டு ஒரு வரி எடுத்தார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஹாலில் பேச்சே எதிரொலிக்கும். ஒப்பாரி சுவர் சுவராகப் போய் வந்தது.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி மாலையைக் கழற்றினேன். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தேன். "அக்கா, அழாதீங்க. இது சும்மா விழாவுக்குப் போட்டது. இவரு இருக்காரா இல்லையான்னே எங்க யாருக்கும் தெரியாது. தெரியாமப் போட்டுட்டாக" என்று கத்தினேன்.

எல்லோரையும் மிஞ்சி ஒரு குரல் கேட்டது. எம்.ரெட்டியபட்டிக்காரம்மா ஒருவர். பரளச்சிப் பெண்ணின் மகளுக்கும் இவருடைய மகனுக்கும் புதிதாகப் பேசி முடித்து, பூ வைத்திருந்தார்கள். அந்த உரிமையில் சம்பந்தியம்மாள் இந்தப் பயணத்துக்குச் சேர்ந்து வந்திருந்தார்.

"ஏன் டீச்சரு, அந்தச் சமீந்தாரு இருக்காரா?"

"இல்ல."

"அந்தத் தொரை?"

"இல்ல."

"அந்த ஆட்டக்காரி?"

"அவுகளும் இல்ல."

"அம்புட்டுப் பேரும் செத்தவுக. இவரு ஒருத்தரு மட்டும் உசுரோட வரிசையில உக்காந்திருக்காராக்கும்."

கழற்றிய மாலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பஸ் கிளம்பும்வரை அந்தப் பெண்கள் சொன்னதை வைத்துக் கதையைத் தெரிந்துகொண்டேன். மகள் தவழ்ந்துகொண்டிருந்த வயதில் அந்த மனுஷன் மலையாளத்துப் பக்கம் அணை வேலைக்குப் போயிருக்கிறார். கிணறு வெட்டுகிறவர்களுக்குப் பாறை உடைக்கத் தெரியும் என்று செட்டாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேலை முடிந்து செட்டு திரும்பி வந்தது. அவர் வரவில்லை. ஒருநாள் வேறு வேலைக்கு என்று சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான் தெரியும் என்றார்கள். அங்கேயே ஒரு மலையாளத்துக்காரியோடு இருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். அதற்குப் பிறகு தகவலே இல்லை.

இன்னொன்றும் சொன்னார்கள். அவர் ஊரில் இருந்த காலத்தில் ஒருநாள் வேலைக்குப் போகாமல் சாயந்திரம் வந்து, மெட்ராஸ்காரர் ஒருவர் தன்னை உட்காரவைத்துப் படமாக எழுதுகிறார் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எங்கேயோ சீட்டாடிவிட்டு வந்து கதை விடுகிறார் என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள். அந்த வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

மறுநாள் மேனேஜரிடம் சண்டைக்குப் போனேன். நடந்தது தவறு, மாலை போட்டதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று அவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆள் இருக்காருன்னு சொன்னாலும் தப்பும்மா. இல்லன்னு சொன்னாலும் தப்பு. நாம இதுல தலையிடக்கூடாது."

"தலையிட்டாச்சு சார். மாலையைப் போட்டப்பவே தலையிட்டாச்சு. போடும்போது யோசிச்சிருக்க வேண்டாமா?"

"பேரே இல்லாத படம்மா அது" என்றார். "பேரில்லாத ஆளுக்கு யாரு இருக்கப்போறாகன்னு நெனச்சுட்டேன்."

கெட்ட எண்ணம் இல்லாத மனிதர் என்று சொன்னேன் அல்லவா. அதனால்தான் அது எனக்கு அவ்வளவு கசந்தது. திட்டக்கூட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே பரளச்சிக்கு பஸ் ஏறினேன். அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. கரிசல் வெடித்துக் கிடந்தது, பருத்திச் செடி முழங்கால் உயரத்தோடு நின்றுபோயிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். எனக்கு அன்றைக்கு வீரம் பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் தாலியைக் காப்பாற்றப் போகிறேன் என்றே நினைத்தேன். இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் அந்த அம்மாவின் கொழுந்தன் இருந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவரும் எம்.ரெட்டியபட்டிச் சம்பந்தியம்மாளும் வந்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடிப்பது பற்றித்தான் பேச்சு. எனக்கு நாற்காலி போட்டார்கள், கலர் வாங்கிக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மேனேஜரின் ஆபீஸ் வழக்கம், துரைக்குக்கூடக் குங்குமம் வைத்தது, எல்லாம். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

கொழுந்தன் கேட்டார்: "அப்ப எங்க அண்ணன் உசுரோட இருக்காகன்னு நீங்க சொல்றீகளா?"

"அது எனக்குத் தெரியாது. மாலை தவறுதலாப் போட்டதுன்னு மட்டும் தெரியும்."

"அதத்தான் நாங்களும் கேக்கோம்" என்றார் சம்பந்தியம்மாள். "ரெண்டுல ஒண்ணு எங்களுக்குத் தெரியணும். இருந்தாகன்னா வந்து பொண்ணக் கையில பிடிச்சுக் குடுக்கட்டும். இல்லன்னா காலஞ்சென்றவுகன்னு பத்திரிகையில போடுங்க. அப்பன் இல்லாத பிள்ளைய எடுத்தா புண்ணியம்னு சொல்வாக. ஓடிப்போனவன் மகள எடுத்தா எங்க ஊருல என்ன பேச்சு பேசுவாக? எனக்கும் கட்டிக்குடுக்க ஒரு பொட்டப்பிள்ள இருக்கு."

அவர் கொடுமைக்காரி இல்லை. குரலில் ஒரு கெஞ்சல்கூட இருந்தது. நான் ஏதோ பேசினேன். ஒருவரைச் செத்தவர் என்று முடிவுகட்ட நாம் யார் என்றேன். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த அம்மா மட்டும் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றிக் குங்குமம் அன்றைக்கும் பெரிதாக இருந்தது.

பஸ் நிறுத்தம்வரை அவர்தான் கூட வந்தார். கருவேல மரத்தடியில் நின்றோம். தெரு கண்ணுக்கு மறைந்த பிறகு கேட்டார்.

"டீச்சரு, நீங்க எதுக்கு வந்தீக?"

"உங்களுக்காகத்தான்க்கா."

"நான் கேட்டனா?"

எனக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மெதுவாக, விளக்கிச் சொல்கிறவர் மாதிரி பேசினார்.

"இத்தன வருசம் பொட்டு வச்சேன், பூ வச்சேன். இந்த ஊரு எனக்கு வச்ச பேரு தெரியுமா ஒங்களுக்கு? ஓடிப்போனவன் பொண்டாட்டி. தண்ணிக்கு நின்னாலும் அதேன் பேரு, கூலிக்குப் போனாலும் அதேன் பேரு. எம்மகளுக்கும் அதேன். அன்னைக்கு ஒங்க படத்துக்கு முன்னாலதேன் அம்புட்டுப் பேரும் என்னயக் கட்டிப்பிடிச்சு அழுதாக. ஒருத்தி சிரிக்கல. சமீந்தாரு, தொரை வரிசையில எம்புருசனும் மாலையோட மரியாதையா உக்காந்திருந்தாக. நீங்க ஏறிக் கழட்டிட்டீக."

"அது பொய்யான மாலைக்கா."

"பொய்யின்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தூரத்தில் பஸ் வரும் புழுதி தெரிந்தது.

"எம்மகளுக்கு ஒரு அப்பன் வேணும் டீச்சரு. ஓடிப்போன அப்பன் வேண்டாம். ஆடியில கருமாதி செஞ்சுரலாம்னு கொழுந்தன்கிட்டச் சொல்லிட்டேன். அன்னைக்கு நாங்க எல்லாரும் அங்கன வாரோம். அவுக மொகம் அங்கனதேன இருக்கு. நீங்க வாயால சொல்லணும். நீங்க படிச்சவுக, நீங்க சொன்னா அடங்கிரும்."

"தாலியை எறக்கிட்டா மக கல்யாணத்துல நீங்க முன்னால நிக்க முடியாதே அக்கா."

"தெரியும்" என்றார். "பந்தல்ல ஒரு மூலை இருக்கும்ல."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை. அவரை அப்படிக் கேட்கவைத்த ஊர் மேலா, திரும்பி வராத அந்த மனுஷன் மேலா, கடன்கழிப்பாக மாலை வாங்கிய மேனேஜர் மேலா. அவர் கேட்டதைச் செய்யக்கூடாது என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் செய்யலாம் என்று தோன்றியது. அதற்கடுத்த நாள் மறுபடி கூடாது என்று தோன்றியது. முகச் சுற்றைப் பலகையிலிருந்து அழித்துவிட்டு, வாரம் தவறாமல் தண்ணீர்ச் சுற்றே நடத்தினேன். கேட்டவர்களிடம் அந்த ஹாலுக்கு வெள்ளை அடிக்கிறார்கள் என்று சொன்னேன். கடப்பாரையோடு உட்கார்ந்திருந்த மனிதரைச் சாயந்திரம் கதவைப் பூட்டும்போது மட்டும் பார்ப்பேன். நீங்களே சொல்லுங்களேன் என்று ஒருநாள் அவரிடம் வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

ஆடி பிறந்தது. கலைக்கூடத்துக்கு விடுமுறையான ஒரு நாளில் அவர்கள் வந்தார்கள். காவல்காரர் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மேனேஜரிடம் நான் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தேன். தனக்கு எதுவும் தெரியாது என்ற நிபந்தனையோடு சாவியைக் கொடுத்திருந்தார்.

வாசலில் அந்த அம்மாவைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டேன். தலை நிறையப் பூ, கை நிறையக் கண்ணாடி வளையல், முகத்தில் மஞ்சள், புதுச்சேலை. தாலியை இறக்குவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை அப்படிச் சோடித்துவிடுவார்கள். கல்யாணப் பெண் மாதிரி இருந்தார். அவருக்குப் பின்னால் கொழுந்தன், ஊர்ப் பெண்கள், சம்பந்தியம்மாள். பக்கத்தில் மகள். பதினேழு பதினெட்டு வயதுப் பெண், பயந்த கண்.

நேராக அந்தப் படத்துக்கு அழைத்துப் போகத்தான் நினைத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வழக்கம்போலச் சுத்திக் காட்டுங்க. எல்லா மொகத்தையும் காட்டுங்க. அவுகளக் கடைசியா."

ஏன் என்று அப்போது புரியவில்லை. பிறகு புரிந்தது. வரிசையில் ஒருவராக அவர் வர வேண்டும்.

ஆரம்பித்தேன். இவர் ஜமீன்தார், கண்மாய் வெட்டிக் கொடுத்தவர். இவர் முதலாளியின் தகப்பனார், காலால் நடந்து பஞ்சு வாங்கியவர். இவர் துரை. எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைகள்தான். அன்றைக்கு ஒவ்வொரு படத்திலும் அவர்கள் 'ம்' கொட்டினார்கள். எழவு வீட்டில் செத்தவரைப் பற்றிப் பேசும்போது கொட்டுவது மாதிரியே. என் வாயில் இருந்து ஒவ்வொருவருக்கும் காலஞ்சென்ற, காலஞ்சென்ற என்று தன்னால் வந்தது. அதற்கு முன்னால் நான் அப்படிச் சொல்லி வழக்கமில்லை.

கதவோரம் வந்தோம். மகள்தான் முதலில் கிட்டப் போனாள். நினைவு தெரிந்து அவள் தகப்பன் முகத்தைப் பார்த்ததே இல்லை. சட்டத்தைத் தொடலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"எங்க அய்யா இப்படித்தேன் இருந்தாகளாம்மா?" என்று கேட்டாள்.

"இப்படித்தேன்" என்றார் அம்மா. "கூப்பிட்டா இப்படித்தேன் திரும்புவாக."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொழுந்தன் பார்த்தார், சம்பந்தியம்மாள் பார்த்தார். ஃபேன் ஓடவில்லை. எங்கேயோ ஒரு தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பொய்யா என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம், நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பூவும் மஞ்சளும் வீணாகும் என்பதுதான்.

"இவுக கிணறு வெட்டுனவுக" என்றேன். இத்தனை காலமும் அட்டையில் இல்லாத பேரை முதல்தடவையாகச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். "காலஞ்சென்றவுக."

பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். கொழுந்தன் ஒரு மாலையை நீட்டினார். ஸ்டூலில் ஏறிப் போட்டேன். முன்பு கத்திக்கொண்டே கழற்றியவள் அன்றைக்கு ஆணி பார்த்து நிதானமாக மாட்டினேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கலக்கமாக இருக்கிறது. அந்த அம்மா அழவில்லை. மாலை நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இடது பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு" என்றார். சரிசெய்தேன்.

ஆவணியில் கல்யாணம். பத்திரிகை எனக்கும் வந்தது. அவர் பேருக்கு முன்னால் அந்த வார்த்தை அழகான எழுத்தில் இருந்தது. மேனேஜர் வாங்கிப் பார்த்துவிட்டு, பிழையில்லாமல் அடித்திருக்கிறார்கள் என்று திருப்பிக் கொடுத்தார்.

பந்தலில் நான் அவரைத் தேடினேன். அவர் சொன்னபடியே ஒரு மூலையில்தான் இருந்தார். சமையல் பாத்திரங்கள் அடுக்கியிருந்த பக்கம், வெறும் நெற்றியும் வெறும் கழுத்துமாக. மணமேடைக்கும் அவருக்கும் நடுவே ஒரு தட்டி மறைத்திருந்தது. கொழுந்தனும் அவர் மனைவியும் மேடையில் நின்று பெண்ணைக் கொடுத்தார்கள். நான் முன்னால் போகாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கெட்டிமேளம் கேட்டது. அவர் தட்டியைப் பார்த்தபடி இரண்டு கையிலும் இருந்த அட்சதையைத் தன் காலடியில் போட்டார்.

கேட்கக்கூடாதுதான். ஆனால் மாதக்கணக்காகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்த கேள்வி அது.

"அக்கா, ஒருவேளை அவுக வந்துட்டா?"

அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். முகத்தில் முதல்தடவையாக நான் கோபத்தைப் பார்த்தேன்.

"ஊருக்கு வந்தாகன்னா நானே அங்கன அனுப்பிவைப்பேன். நீங்க எதுவும் சொல்லாதீக. சமீந்தாருலருந்து ஆரம்பிச்சு வரிசையாச் சுத்திக் காட்டுங்க. கடைசில அந்த மாலையையும் காட்டுங்க. பாத்துட்டு, பெறகும் வர மனசிருந்தா வரட்டும்."

டிரஸ்ட் நொடித்துப்போய்க் கலைக்கூடத்தைப் பூட்டும்வரை அங்கே வேலை பார்த்தேன். முகச் சுற்றை மறுபடி பலகையில் எழுதினேன். வரிசையை ஒருநாளும் மாற்றவில்லை, மாலை காய்ந்தால் புதிது போட்டேன். நடுத்தர வயதில் ஓர் ஆள் தனியாக உள்ளே நுழைந்தால், முதலில் இடது புருவத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஜமீன்தாரைக் காட்ட ஆரம்பிப்பேன்.